புட்டிப்பால் குடித்து வளர்ந்த என் மகனுக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக் கூடத்தில் நித்யாவைப் பார்த்து நீ ஒரு வார்த்தை சொன்னாய். அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்த பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையின் மேல் வைத்தாய். "எங்கம்மா டூட்டிக்குப் போயிட்டே என்னை ஒன்றரை வயசு வரைக்கும் தாய்ப்பால் குடுத்து வளத்துனாங்க. நீ லீவு போட்டு ஊட்லயே இருக்கறே. உனக்கு முடியாம இல்ல நித்யா, மனசு வைக்க மாட்டேங்கறே" என்றாய். நீ கத்தவில்லை. உன் அப்பாவைப் போலவே உனக்கும் கோபத்தில் குரல் இறங்கித்தான் போகும். பவானியிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த நித்யாவின் அம்மா சோபாவில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். நித்யா உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் அடுத்த துணியை எடுத்து மடித்தேன்.

நீ சொன்னது பொய், கண்ணு. நீ அறியாமல் சொன்ன பொய். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நீ என் பால் குடித்து வளரவில்லை. பிறந்த ஐந்தாம் நாளிலிருந்து நீ குடித்தது டப்பாவில் வந்த பவுடரைக் கரைத்த பால். ஆறு வாரத்துக்குப் பிறகு அது மட்டும்தான். இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்குத் திரும்பிய பிறகு திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் உன்னைப் போனில் கூப்பிட்டது இதைச் சொல்லத்தான். இரண்டு நாளும் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ ஒளித்து வைக்க வேண்டாம். உன் பெரிய அத்தைக்குக் காட்டு, உன் நண்பர்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் அவர்களுக்குக் கொடு. முப்பத்தொரு வருடம் நான் மூடி வைத்ததை இனி யாரும் மூடி வைக்கத் தேவையில்லை.

நீ பிறந்தபோது நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பிரசவ வார்டில் சிஸ்டராக இருந்தேன். அங்கேயேதான் உன்னைப் பெற்றேன். நீ வெளியே வந்த பிறகு எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தபோது தலை சுற்றியது, ஆனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையை எப்படிப் பிடிப்பது, வாயை எப்படித் திறக்க வைப்பது என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்கு மட்டும் வராமல் போகுமா என்றிருந்தேன். நீயும் நன்றாகத்தான் பிடித்தாய், இழுத்தாய். வரவில்லை. நாலாம் நாள் நீ அழுவதைக் குறைத்துக்கொண்டாய். "சமத்தா தூங்கறான்" என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன். உன் துணியில் செங்கல்பொடி நிறத்தில் கறை இருந்தது, உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரில் வருகிற கறை. வேறு ஒரு தாயின் துணியில் அதைப் பார்த்திருந்தால் டாக்டரம்மாவின் அறைக்கு ஓடியிருப்பேன். என் மகனின் துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டேன்.

ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா உன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். தோல் எழுந்த இடத்திலேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ நர்ஸ்தான? உனக்குமா இது தெரியல?" என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இப்பவே பவுடர் கலக்கிக் குடு. புள்ள மொதல்ல முழிக்கட்டும். உனக்கு ஊறுனா ஊறட்டும்" என்றார். மூக்கு நீண்ட அந்தச் சின்னப் பாலாடைக் கிண்ணத்தில் உன் அப்பாதான் உனக்கு முதல்முறை பால் புகட்டினார். நீ குடித்த வேகத்தைப் பார்த்து அவர், "இத்தன பசியோடவா இருந்தே" என்று உன்னிடம் கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். மகன் பிழைத்தானே என்று அழவில்லை, கண்ணு. கூட வேலை செய்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அழுதேன். அவமானப்பட வேண்டியதை விட்டுவிட்டு அவமானப்படத் தேவையில்லாததற்கு நான் அழத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு வேளாவேளைக்கு முதலில் மாரில் வைப்பேன், பிறகு பாலாடை. ஆறாவது வாரத்தில் சொட்டும் நின்றுபோனது. மூன்றாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன், காலை ஏழு மணி டூட்டி. உன் அப்பா பம்ப் கம்பெனியில் டர்னராக இருந்தது உனக்குத் தெரியும். அவர் இரண்டாவது ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டது உனக்குத் தெரியாது. நான் காலையில் போய் மதியம் வருவேன், நான் வந்ததும் அவர் கிளம்புவார். இடையில் இருந்த ஏழு மணி நேரமும் நீ அவரிடம்தான் இருந்தாய். வார்ப்பிரும்புத் தூள் நகக்கண்ணில் ஏறிய கை அது, எத்தனை தேய்த்தாலும் கறுப்புப் போகாது. தேங்காய் எண்ணெய் போட்டு ஊற வைத்து, பிறகு சோப்புப் போட்டு, பிறகு வெந்நீரில் கழுவி, அதற்குப் பிறகுதான் டப்பாவின் மூடியைத் திறப்பார். புட்டிகளை இட்லிப் பாத்திரத்தில் போட்டு வேக வைப்பார். பவுடரைக் கரண்டியின் விளிம்போடு கத்தியால் வழித்து அளப்பார். மில்லிமீட்டர் கணக்கில் இரும்பைச் சீவுகிறவருக்கு ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் மனம் ஒப்பாது. ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு உன்னை மடியில் போட்டுக்கொள்வார். அவருக்குத் தாலாட்டுத் தெரியாது. சின்ன வயதில் கண்டக்டராக ஆசைப்பட்டவர் என்பதால் பஸ் நிறுத்தங்களைச் சொல்வார். "பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம், துடியலூர், கவுண்டம்பாளையம்..." பெரும்பாலும் துடியலூர் வருவதற்குள் நீ தூங்கிவிடுவாய். கவுண்டம்பாளையம் வரைக்கும் முழித்திருந்தால் வயிற்றில் காற்று இருக்கிறது என்று தோளில் போட்டுத் தட்டுவார்.

பொய் ஆரம்பித்தது உன் பெரிய அத்தை உன்னைப் பார்க்க வந்த அன்றைக்கு. உள்ளே நுழைந்ததும், "பால் இருக்குதா உனக்கு?" என்று கேட்டார். "நெம்ப இருக்குதுங்க" என்றேன். நினைத்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. அடுப்படியில் கொதித்த தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்த உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பாத்திரத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை போன பிறகு, "எதுக்கு அப்படிச் சொன்னே?" என்று மட்டும் கேட்டார். "நர்ஸுக்கே பாலில்லைன்னு ஊரு சிரிக்குமுங்க" என்றேன். "சிரிச்சா என்ன, பையன் குடிக்கறான்ல" என்றார். நான் அழுததைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. டப்பாவை ராகி மாவு டின்னுக்குப் பின்னால் வைத்தேன். யாராவது வந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன், தாய்ப்பால் கொடுக்கப் போகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே புட்டி தயாராக இருக்கும். நர்சிங் ஹோமில் கேட்டால் "காலைல குடுத்துட்டுத்தான் வாரேன்" என்பேன். ஒன்றரை வயது என்கிற கணக்கு எப்போது சேர்ந்தது என்று எனக்கே நினைவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது உன் தலையைத் தடவி, "தாய்ப்பால் குடிச்ச ஒடம்பு" என்று பக்கத்தில் நின்ற டீச்சரிடம் சொன்னேன். உன் அப்பா அப்போதும் பக்கத்தில்தான் நின்றார்.

அவர் போய் ஆறு வருடமாகிறது. வருடத் திதி முடிந்த அன்றைக்கு நீ என்னிடம், "அப்பா என்னைத் தூக்கி வெச்சிருந்ததா எனக்கு ஞாபகமே இல்லீங்கம்மா. எல்லாம் நீங்கதான் பாத்தீங்க" என்று சொன்னாய், நினைவிருக்கிறதா? நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இல்லை கண்ணு, உன்னை மடியில் வைத்து வளர்த்தது அவர்தான் என்று சொல்ல வேண்டியது. சொன்னால் எதைப் புகட்டினார் என்று நீ கேட்பாய். அதனால் அவருடைய ஏழு மணி நேரத்தையும் எடுத்து என் கணக்கில் எழுதிக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, அவரிடமிருந்து நான் திருடியது இது. என் பொய்களில் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று நான் நினைப்பது இதைத்தான்.

இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது சோமனூரிலிருந்து செல்வி என்கிற பெண் முதல் பிரசவத்துக்கு வந்தாள். அவளும் புருஷனும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். ஒல்லியான பெண், எதைக் கேட்டாலும் "சரிங்க சிஸ்டர்" என்பாள். இரண்டாம் நாள் பாலில்லை என்று சொன்னாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தும் காட்டினேன், அதில் குறையில்லை. மறுநாள் அவளுடைய தலையணைக்கடியில் ஒரு பவுடர் டப்பாவைப் பார்த்தேன். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பார்வையாளர்கள் நிறைந்திருந்த வார்டில், "பால் இல்லைன்னு ஒரு பொம்பளையும் கெடையாது. மனசு இல்லைன்னு சொல்லு" என்றேன். அவளுடைய மாமியார், "அப்படிக் கேளுங்க சிஸ்டர்" என்றார். டப்பாவை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மதியம் வீட்டுக்கு வந்து உனக்குப் புட்டியில் பால் கலக்கினேன். ஒரே நாளில், இதே கையால்.

செல்வி வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் குழந்தையோடு திரும்பி வந்தாள். குழந்தை கண் திறக்கவில்லை, உடம்பு காய்ந்து சுட்டது. துணியில் அதே செங்கல்பொடிக் கறை. டாக்டரம்மா உடனே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான்கு நாள் டிரிப் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தவள் ஊசி அறைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "சிஸ்டர், எனக்கு மனசு இருந்துச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். எனக்கும் இருந்தது செல்வி, எனக்கும் பால் வரவில்லை என்று அவள் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மேசையில் இருந்த தடுப்பூசிக் கார்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை சோமனூரில் இறங்கினேன். செல்வி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை தறிச் சத்தத்துக்குள் யாரிடம் போய்க் கேட்பது? நிறுத்தத்தில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். தேடினேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் போனேன் போலிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகாவது நான் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இன்னும் கண்டிப்பானவளாக ஆனேன். "அந்த சிஸ்டர் டூட்டில இருந்தா டப்பாவை வெளிய எடுத்துராத" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்திருக்கிறது, அதைப் பெருமையாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். தாய்ப்பால் நல்லது என்று நான் சொன்னது பொய்யில்லை. வருகிறவர்கள் கொடுக்கட்டும், வரத் தாமதமானால் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், பயத்தில் விட்டுவிடப் பார்த்த எத்தனையோ பேருக்கு நான் உதவியும் இருக்கிறேன். ஆனால் உதவுவதற்கும் உறுத்துவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே இருக்கிறதென்று மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தாண்டினேன். முப்பது வருடத்தில் வெந்தயத்துக்குப் பால் ஊறிப் பார்த்திருக்கிறேன், ஓய்வுக்கு ஊறிப் பார்த்திருக்கிறேன். குற்ற உணர்ச்சிக்குப் பால் ஊறி நான் பார்த்ததில்லை.

இனி நித்யா. அவளுடைய அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்திருந்ததால் பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். நான் இருக்கிறேன், முப்பது வருட அனுபவம் இருக்கிறது என்று சம்பந்தியம்மாவுக்குத் தைரியம் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் எடை போட்டபோது பிறந்த எடைக்கே பாப்பா திரும்பவில்லை. குழந்தை டாக்டர் தாய்ப்பாலோடு கொஞ்சம் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். நீ அன்றைக்கு ஆபீஸில் இருந்தாய், நான்தான் கூடப் போயிருந்தேன். ஆட்டோவில் வரும்போது நித்யா, "டப்பா வாங்கிட்டுப் போயிரலாமுங்களா அத்தை?" என்று கேட்டாள். "அவங்க அப்படித்தான் எழுதுவாங்க அம்மணி. ரெண்டு நாளு பொறு, பூண்டு வதக்கித் தாரேன்" என்றேன். டாக்டர் சொன்னதை அரைகுறையாகத்தான் உன்னிடமும் சொன்னேன். "எடை ஏறிக்கும்" என்றேன். உனக்குச் சரியான தகவல் வராமல் தடுத்தவளும் நான்தான் என்பதை இங்கே தெளிவாக எழுதுகிறேன். டாக்டர் பவுடர் சேர்க்கச் சொன்னார் என்று நித்யா சொன்னதை நீ நம்பாமல் போனதற்கு அதுதான் காரணம்.

நாலு நாள் கழித்துப் பாப்பாவுக்கு மெத்தைத் துணி தேடி அலமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் டப்பாவும், கழுவி ஒரு கைக்குட்டையில் சுற்றிய புட்டியும் இருந்தன. திரும்பினால் நித்யா குளியலறை வாசலில் நின்றிருந்தாள். தலையில் துண்டு, முகத்தில் ரத்தமே இல்லை. "ரெண்டு தடவைதானுங்க அத்தை குடுத்தேன். அழுகையே நிக்கலீங்க. அவங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள். தன் குழந்தைக்குப் பசியாற்றியதற்கு ஒரு படித்த பெண், தன் வீட்டில், திருடியைப் போல என் முன்னால் நின்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் அவள் செய்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே புட்டி கொடுத்த நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். "தலையத் துவட்டு, சளி புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன். திட்டவில்லை என்பதைப் பெரிய கருணையாக நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அது உன் கண்ணில் பட்டது. அன்று சாயங்காலமே நித்யா அவளுடைய அம்மாவோடு பவானிக்குக் கிளம்பிவிட்டாள். சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நீ நினைக்கிறாய். உன் பேச்சு அவளைப் புண்படுத்தியது உண்மைதான். ஆனால் அவளை அந்த வீட்டைவிட்டு அனுப்பியது என் மௌனம்.

புதன்கிழமை நான் பவானிக்குப் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. கூடத்தில் ஜமுக்காளத்தின் மேல் பாப்பா படுத்திருந்தாள், நித்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அத்தை" என்றாள். மரியாதை குறையவில்லை, ஆனால் நேற்று அறிமுகமான ஒருத்தியைக் கூப்பிடுகிற குரல். தண்ணீர் கொடுத்தாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "என்ற பையனுக்கு நான் தாய்ப்பால் குடுக்கல நித்யா. எனக்குப் பாலே வரல" என்றேன். அதற்குப் பிறகு எல்லாமே வந்துவிட்டது. டாக்டரம்மா, ராகி டின், உன் அப்பா, செல்வி, எல்லாம். சம்பந்தியம்மா வாசற்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நித்யா பாப்பாவின் மேல் இருந்த துணியைச் சரிசெய்தாள். பிறகு, "இத ஞாயித்துக்கெழம சொல்லியிருக்கலாமில்லீங்களா அத்தை" என்றாள். "நான் உங்களத்தானுங்க பாத்தேன்."

"தெரியும் அம்மணி."

"எனக்குத்தான் என்னமோ கோளாறுன்னு நெனச்சுட்டேனுங்க. புள்ளையத் தொடவே பயமா இருந்துச்சு. என்னைப் பெத்தவங்ககிட்டக்கூடச் சொல்லலீங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "உங்க பையன் அப்படிச் சொல்லறப்ப நீங்க துணி மடிச்சிட்டு இருந்தீங்க பாருங்க, அத என்னால மறக்க முடியலீங்க."

மறக்க வேண்டாம் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை, கண்ணு. எடுத்தால் மருமகள் என்கிற மரியாதைக்காகவாவது "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிடுவாள். அந்தப் பரவாயில்லையை அவளிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று தோன்றியது.

அப்போது பாப்பா முழித்து அழுதாள். நித்யா என் முன்னாலேயே மாரில் வைத்தாள். கால் மணி நேரம் போல இரண்டு பக்கமும் குடித்துவிட்டு, பாப்பா மறுபடியும் தலையை ஆட்டித் தேடினாள். நித்யா அடுப்படிக்குப் போனாள். ஆறிய வெந்நீரை ஊற்றி, பவுடரை அளந்து, புட்டியைக் குலுக்கிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். தெருக்கதவு விரியத் திறந்திருந்தது. அவள் அதைச் சாத்தவில்லை. "நான் முடிவு பண்ணிட்டேனுங்க அத்தை. இருக்கறவரைக்கும் மார்ல குடுப்பேன், பத்தாததுக்கு இது. ஒருவேள நின்னுபோச்சுன்னா இது மட்டும். இங்க டாக்டரும் அதேதான் சொன்னாங்க. இனி இதப் பத்தி யாரையும் ஒரு வார்த்த கேக்கறதா இல்ல. உங்களையும்தான், அவங்களையும்தான்" என்றாள். "சரி அம்மணி" என்றேன். நேற்று எடை போட்டார்களாம். பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள் என்று சம்பந்தியம்மா போனில் சொன்னார்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் நர்ஸாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புட்டியைக் கொதிக்க வை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்று. டப்பாவில் எழுதியிருக்கிற அளவுக்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதே, கொட்டிவிடு. பாப்பா வாயைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடு. சொந்தக்காரர்கள் வருவார்கள், நம் ஊரில் "பால் இருக்குதா" என்று கேட்காமல் யாரும் காபி குடிக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு நித்யா பதில் சொல்லக் கூடாது. நீ சொல். "ரெண்டும் குடுக்கறமுங்க, நல்லா இருக்கறா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று. அம்மாவுக்குக் கோபம் வரும் என்று யோசிக்காதே. அவர்கள் என்னிடம் வந்து கேட்டால் என் பதிலும் இனி அதுதான், கூடவே உன்னை எப்படி வளர்த்தோம் என்பதையும் சேர்த்தே சொல்வேன். உன் பெரிய அத்தைக்கு நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "இத்தன வருசமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "என்ற தம்பியா புட்டி கழுவுனான்?" என்று கேட்டுவிட்டு அழுதார்.

என் மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும். முதலில் அதைக் கொண்டுவந்து என்னிடம் கொட்டாமல் பவானிக்குப் போ. என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே, எனக்காகப் பேசவும் பேசாதே. நான் கிளம்பும்போது நித்யா உனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "சனிக்கெழம வரச் சொல்லுங்க அத்தை. வந்ததும் சமாதானம் பேச வேண்டாமுன்னு சொல்லுங்க. பத்து மணிக்குப் பாப்பா முழிப்பா. மொதல்ல அவங்களே கலக்கிக் குடுக்கட்டும். அவ குடிச்சு முடிக்கட்டும், அப்பறம் பேசிக்கலாம்."

பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடு, பெருந்துறையில் ரோடு வேலை நடக்கிறது. நகத்தை வெட்டிக்கொண்டு போ.

அம்மா